கிரிப்டோ பணமா, சொத்தா? சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் அதன் பின்னால் உள்ள தொழில்நுட்பமும்

கிரிப்டோ நாணயம் வாங்குவது இந்தியாவில் குற்றமா என்று கேட்டால், குற்றமில்லை. அது செல்லுபடியாகும் பணமா என்றால், பணமும் இல்லை. அப்படியானால் அது என்னதான்? வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனும் கல்லூரிக்குப் போகும் பேரனும் கைப்பேசியில் ஏதோ வாங்கி வைத்திருக்க, வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். இதற்கு நேரடியான ஒரு பதில் 2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து கிடைத்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த அந்த உத்தரவின்படி கிரிப்டோ நாணயம் கையால் தொடக்கூடிய பொருள் அல்ல, பணமும் அல்ல, ஆனால் அது சொத்து. ஒருவர் அதை உடைமையாக வைத்திருக்கலாம், அனுபவிக்கலாம். இன்னொருவரிடம் நம்பிக்கைப் பொறுப்பாக, அதாவது நாம் அமானிதம் என்று சொல்கிறோமே அந்த வகையில், ஒப்படைத்தும் வைக்கலாம்.

வழக்கின் கதை எளிமையானது. சென்னையைச் சேர்ந்த ஒரு பெண் 2024 ஜனவரியில் தன் வங்கிக் கணக்கிலிருந்து 1,98,516 ரூபாய் செலுத்தி, வசீர்எக்ஸ் என்ற இணையப் பரிமாற்றத் தளத்தில் 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்களை வாங்கினார். அந்தத் தளத்தை இந்தியாவில் நடத்துவது ஜன்மாய் லேப்ஸ் என்ற நிறுவனம். அதன் தாய் நிறுவனம் சிங்கப்பூரில் இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று தளத்தின் ஒரு பணப்பையிலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. இந்தத் திருட்டுக்கு வடகொரிய இணையத் திருடர்களே காரணம் என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று அரசுகளும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. திருட்டு நடந்ததும் தளம் எல்லாக் கணக்குகளையும் முடக்கிவிட்டது. அந்தப் பெண் தன் நாணயங்களை விற்கவும் முடியவில்லை, வேறு இடத்துக்கு மாற்றவும் முடியவில்லை. இதற்கிடையில் எக்ஸ்ஆர்பியின் விலையோ பல மடங்கு ஏறிக்கொண்டிருந்தது.

நிறுவனத்தின் தரப்பு என்ன? நட்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கான மறுசீரமைப்புத் திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் இருக்கிறது. (அந்தத் திட்டத்தை சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஒருமுறை ஏற்க மறுத்தது. வாடிக்கையாளர்கள் மீண்டும் வாக்களித்த பிறகு அக்டோபரில் ஒப்புதல் தந்தது.) பெண்ணின் தரப்பு வேறு. "திருடு போனது வேறு வகை நாணயம். என்னுடையது அதில் இல்லை. என் பொருளை எடுத்து மற்றவர் நட்டத்தை ஏன் அடைக்க வேண்டும்?" என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பழக்கமான ஓர் இடத்துக்குப் போவோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும்போது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன் வருவது அடிவாரம். மேலே சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காபி விளைகிறது. அதே தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அடிவாரத்தில் ஒருவர் குடோன் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு தோட்டக்காரர் காபி மூட்டைகளை அங்கே இறக்கி வைக்கிறார். இன்னொருவர் மிளகு மூட்டைகளை வைக்கிறார். ஓர் இரவில் காபி இருந்த அறையின் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். காலையில் குடோன்காரர், "நட்டம் எல்லாருக்கும் பொது. மிளகை விற்றுக் காபிக்காரருக்கும் கொஞ்சம் கொடுப்போம்" என்கிறார். மிளகுக்காரர் ஒப்புக்கொள்வாரா? மிளகு குடோன்காரருடைய சொத்தாக இருந்தால்தானே அவர் அதை எடுத்துப் பங்கு வைக்க முடியும்? அவர் காவலர் மட்டுமே என்றால், மூட்டையைக் கேட்டபோது கொடுப்பதுதான் அவர் வேலை.

ஆக, வழக்கு இரண்டு கேள்விகளில் வந்து நின்றது. எக்ஸ்ஆர்பி என்பது 'மூட்டை' போல ஒருவருக்குச் சொந்தமாகக்கூடிய ஒன்றா? அப்படியென்றால், காபியும் மிளகும் போல அது திருடு போனதிலிருந்து வேறுபட்டதா? இரண்டுக்கும் விடை தொழில்நுட்பத்தில்தான் இருக்கிறது.

பதிவேடும் சாவியும்

பிட்காயினில் இருந்தே தொடங்கலாம். சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர், அல்லது ஒரு குழு, 2008 அக்டோபர் 31 அன்று ஒரு சிறு ஆய்வுக் குறிப்பை வெளியிட்டது. 2009 ஜனவரி 3 அன்று முதல் பதிவு உருவானது. அதன் அடிப்படை ஒரு பதிவேடு. யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்ற எல்லா விவரமும் அதில் இருக்கும். நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரப் பதிவேடு ஒரே இடத்தில் இருக்கிறது. பிட்காயின் பதிவேட்டின் நகலோ உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பரிமாற்றங்கள் ஒரு கட்டாகச் சேர்க்கப்படும். ஒவ்வொரு கட்டிலும் அதற்கு முந்தைய கட்டின் கணித முத்திரை இருக்கும். பழைய கட்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் முத்திரை மாறிவிடும். அதற்குப் பின்னால் வந்த கட்டுகள் எல்லாம் பொருந்தாமல் போய் மோசடி வெளிச்சத்துக்கு வந்துவிடும். கட்டுகளின் சங்கிலி என்பதால்தான் பிளாக்செயின் என்ற பெயர்.

இதில் 'நாணயம்' என்று ஒரு பொருள் எங்கும் இல்லை. உங்கள் கைப்பேசிக்குள்ளும் இல்லை, பணப்பை என்று சொல்லப்படும் செயலிக்குள்ளும் இல்லை. பதிவேட்டில் ஒரு முகவரிக்கு எதிரே ஓர் எண் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணை நகர்த்தும் அதிகாரம் 'தனிச் சாவி' எனப்படும் ஒரு நீண்ட ரகசிய எண்ணை வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. பல செயலிகள் அந்தச் சாவியை மனிதர் எழுதி வைக்கும்படி 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக மாற்றித் தருகின்றன. சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி கொடுக்க மேலாளர் யாரும் கிடையாது. சாவி திருடு போனால், நடந்த பரிமாற்றத்தைத் திருப்பவும் ஆளில்லை.

எல்லா கிரிப்டோவும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிட்காயின் மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உருவாக முடியாது. புதிதாகக் கிடைப்பதும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். 2024 ஏப்ரலுக்குப் பின் ஒரு கட்டுக்கு 3.125 நாணயம்தான். எக்ஸ்ஆர்பியில் சுரங்கம் தோண்டுவது போன்ற அந்த ஏற்பாடே இல்லை. 2012இல் அதன் பதிவேடு தொடங்கியபோதே 10,000 கோடி நாணயங்கள் உருவாக்கப்பட்டுவிட்டன. சரிபார்க்கும் கணினிகள் சில நொடிகளில் உடன்பட்டுப் பரிமாற்றத்தை முடிக்கின்றன. எதீரியம் வேறொரு தனிப் பதிவேடு. அந்த எதீரியத்தின் மேல் யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்த டோக்கனை உருவாக்கிக்கொள்ளலாம். அதற்கான பொது விதிமுறையின் பெயர்தான் இஆர்சி-20. வசீர்எக்ஸில் உடைக்கப்பட்டது எதீரியத்தில் இருந்த பணப்பை. அதில் இருந்தவை இஆர்சி-20 வகையைச் சேர்ந்தவை என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. எக்ஸ்ஆர்பியின் பதிவேடே வேறு. அந்தத் திருட்டு அதைத் தொட்டிருக்க முடியாது. காபியும் மிளகும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

அந்தப் பணப்பைக்கு ஒரே சாவி இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். ஆறு பேரிடம் சாவிகள் இருந்தன: ஐந்து தளத்தாரிடம், ஒன்று பாதுகாப்புச் சேவை தந்த வேறு நிறுவனத்திடம். தளத்தாரில் மூவரும் அந்த நிறுவனமும் ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும். திரையில் ஒன்றைக் காட்டி வேறொன்றில் கையெழுத்து வாங்கப்பட்டது என்று தளம் விளக்கம் சொன்னது; பாதுகாப்பு நிறுவனமோ தன் பக்கம் குறையில்லை என்று மறுத்தது. பத்திரத்தைப் படிக்காமல் கைநாட்டு வைத்த பழைய கதைதான், இடம் மட்டும் புதிது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பரிமாற்றத் தளங்கள் பொதுவாக ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி எக்ஸ்ஆர்பி முகவரி வைப்பதில்லை. எல்லாருடையதும் ஒரே முகவரியில் குவிந்திருக்கும். யாருடையது எவ்வளவு என்பது ஒரு குறியீட்டு எண்ணிலும் தளத்தின் சொந்தக் கணக்கேட்டிலும்தான் இருக்கும். எல்லார் மிளகையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு எடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தது போல. பொதுப் பதிவேட்டைப் பார்த்தால் தளத்தின் பெயரில் இருப்பது தெரியும், உங்கள் பங்கு தெரியாது. தளத்தில் வாங்கி அங்கேயே விட்டு வைப்பவருக்கு உண்மையில் இருப்பது நாணயம் அல்ல, தளத்தின் மேல் ஓர் உரிமைக் கோரிக்கை. அந்தக் கோரிக்கை கடன்காரர் வரிசையில் நிற்கும் கோரிக்கையா, சொத்துக்காரரின் கோரிக்கையா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

நீதிமன்றம் எப்படிப் பார்த்தது

சொத்து என்ற சொல்லை நிலம், நகை, வீடு என்று சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. மதிப்புள்ள எந்த உரிமையும் அதில் அடங்கும் என்பது இந்திய உச்ச நீதிமன்றம் முன்பே பல வழக்குகளில் சொன்ன கருத்து. அந்த அகன்ற பொருளில் வைத்துப் பார்த்தார் நீதிபதி. கிரிப்டோவை இன்னது என்று அடையாளம் காட்ட முடியும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்ற முடியும். சாவி வைத்திருப்பவர் மற்றவர்களை விலக்கித் தானே கட்டுப்படுத்த முடியும். கணினியில் இருக்கும் வெறும் எண்தானே என்ற வாதம் நிற்காமல் போவது இங்கேதான். ஒரு புகைப்படக் கோப்பை நூறு பேருக்கு நகல் எடுத்துக் கொடுக்கலாம், அசல் குறையாது. பிளாக்செயின் பதிவை அப்படி நகலெடுத்து இரண்டு பேரிடம் செலவழிக்க முடியாது. அந்தத் தொழில்நுட்பக் குணமே அதற்குச் சொத்து என்ற தகுதியைத் தருகிறது.

நம் வருமான வரிச் சட்டமும் 2022லிருந்து இதை 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்றே வரையறுத்திருப்பதை உத்தரவு எடுத்துக்காட்டியது. கிரிப்டோபியா என்ற தளம் 2019இல் கொள்ளையடிக்கப்பட்டபோது, வாடிக்கையாளர் நாணயங்கள் நம்பிக்கைப் பொறுப்பில் இருந்தவை என்று நியூசிலாந்து உயர் நீதிமன்றம் 2020இல் சொன்ன தீர்ப்பும் துணைக்கு வந்தது. சிங்கப்பூரிலும் 2023இல் நீதிபதி பிலிப் ஜெயரத்தினம், டெதர் எனப்படும் யுஎஸ்டிடி டோக்கனை நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கத்தக்க சொத்து என்று ஏற்றிருக்கிறார். ஆகவே சென்னை தனியாக ஒரு பாதையில் போகவில்லை.

ஒப்பந்தப்படி தகராறு சிங்கப்பூர் நடுவர் மன்றத்தில்தானே தீர்க்கப்பட வேண்டும், சென்னைக்கு என்ன அதிகாரம் என்று நிறுவனம் கேட்டது. பணம் சென்னையிலிருந்து, இந்திய வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கிறது. தளம் இங்கிருந்தே பயன்படுத்தப்பட்டிருக்கிறது. நடுவர் மன்றம் வெளிநாட்டில் இருந்தாலும், இங்கிருக்கும் சொத்தைக் காக்க 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இடைக்காலப் பாதுகாப்பு தர முடியும் என்றது நீதிமன்றம். திருடு போகாத நாணயத்தைக் கொண்டு திருடு போனதை ஈடுகட்டும் ஏற்பாட்டையும் அது ஏற்கவில்லை. நடுவர் மன்ற வழக்கு முடியும்வரை ஏறத்தாழ 9.5 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும், அல்லது அத்தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்பது உத்தரவு.

இதை அளவுக்கு மீறிப் புரிந்துகொள்ளவும் கூடாது. இது இடைக்கால உத்தரவு. ஒரு தனி நீதிபதியுடையது. அந்தப் பெண்ணுக்குப் பணம் கைக்கு வந்துவிட்டது என்று பொருளல்ல. "நீதிமன்றமே கிரிப்டோவை அங்கீகரித்துவிட்டது, தைரியமாகப் போடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் பாதி உண்மைதான் இருக்கிறது. திருடப்படக்கூடிய ஒன்று உங்களுடையதா என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது. அதை வாங்குவது நல்லதா என்பதை அல்ல.

வங்கியும் வரியும்

2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வணிகத்துக்கு எந்த வங்கியும் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த வி. ராமசுப்ரமணியன். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. வங்கிகளுக்குக் கேடு எதுவும் நேர்ந்ததாகக் காட்டாமல் இவ்வளவு கடுமையான தடை பொருத்தமற்றது என்பதே தீர்ப்பு. அதன் பிறகு நாடாளுமன்றம் முழுமையான கிரிப்டோ சட்டம் எதையும் இயற்றவில்லை. வரிச் சட்டம் வழியாகவும் பணமோசடித் தடுப்புச் சட்டம் வழியாகவும்தான் அரசு இதைத் தொட்டிருக்கிறது. 2023 மார்ச் 7 அறிவிப்புக்குப் பின், பரிமாற்றத் தளங்கள் மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியே 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களுக்குச் சோதனை முறையில் வெளியிட்ட டிஜிட்டல் ரூபாய் இதில் சேராது. அது நம் ரூபாய்தான், வடிவம் மட்டும் வேறு.

வரி கடுமையானது. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தின் நட்டத்தை இன்னொரு நாணயத்தின் லாபத்தில் கழிக்கவும் கூடாது. ஒருவர் எதீரியத்தில் 1,00,000 ரூபாய் லாபமும் பிட்காயினில் 60,000 ரூபாய் நட்டமும் பார்த்தார் என்று வையுங்கள். கையில் மிஞ்சியது 40,000. வரியோ முழு 1,00,000க்கும் கணக்கிட்டு 31,200 ரூபாய். கடைசியில் நிற்பது 8,800. இது தெரியாமல், "மொத்தத்தில் பெரிய லாபமில்லையே, கணக்குக் காட்ட என்ன இருக்கிறது" என்று விட்டவர்களுக்கு நோட்டீஸ் வருகிறது. 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படுவதால், வரித்துறைக்குத் தகவல் தானாகவே போய்விடுகிறது. நட்டத்தில் விற்றாலும் அந்த 1 சதவீதம் பிடிபடும். கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கேட்க முடியும். ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனையாகவே கொள்ளப்படும்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் குடும்பங்கள் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கட்டணம் மிச்சம் என்று யுஎஸ்டிடியாக வாங்கி அனுப்பி, இங்கே அறிமுகமில்லாத ஒருவருக்கு விற்று ரூபாயாகப் பெறும் பழக்கம் பரவியிருக்கிறது. அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அது ஏதோ ஒரு மாநிலத்தில் இணைய மோசடியில் ஏமாந்தவரின் பணமாக இருந்தால், தடம் பிடித்து வரும் போலீஸ் உங்கள் வங்கிக் கணக்கை முடக்கும். பிறகு கல்யாணச் செலவுக்கு வைத்த பணத்தை விடுவிக்க வடமாநில நீதிமன்றம்வரை அலைய வேண்டியிருக்கும். உண்டியல் பணத்தில் இருந்த அதே ஆபத்து, புது உடுப்பில். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பணம் வர வேண்டியது வங்கி போன்ற அனுமதி பெற்ற வழிகளில்தான்.

'மால்' என்ற பழைய கேள்வி

சென்னை நீதிமன்றம் கேட்டதை நம் ஃபிக்ஹு நூல்கள் வேறு சொற்களில் பல நூற்றாண்டுகளாகக் கேட்டிருக்கின்றன: எது 'மால்'? ஹனஃபி மத்ஹபின் பழைய வரையறையில், மனிதர் விரும்பக்கூடியதும் தேவைப்படும் காலத்துக்குச் சேமித்து வைக்கக்கூடியதும்தான் மால். அதனால் வெறும் பயன்பாட்டு உரிமையை அவர்கள் மால் என்று சொல்லவில்லை. ஷாஃபி உள்ளிட்ட மற்ற மத்ஹபுகள் பயனையும் மாலில் சேர்த்தன. சேலம், ஏற்காடு பக்கம் ஹனஃபிகள் அதிகம். கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள். ஆனால் இன்றைய அறிஞர்களிடையே கிரிப்டோ பற்றிய கருத்து வேறுபாடு மத்ஹபு வழியில் மட்டும் பிரியவில்லை. எகிப்தின் அப்போதைய தலைமை முஃப்தி ஷவ்கி அல்லாம் 2018 தொடக்கத்தில் பிட்காயின் வணிகம் கூடாது என்றார். மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஆ ஆலோசனைக் குழு 2020இல், பதிவு பெற்ற தளங்களில் டிஜிட்டல் சொத்து வணிகம் ஆகும் என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில் நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றும், அடிப்படைப் பொருளும் தெளிவான பயனும் கொண்ட சொத்தாக இருந்தால் மட்டும் வணிகம் கூடும் என்றும் பிரித்துச் சொன்னது. மூவருடைய கவலையும் ஏறத்தாழ ஒன்றே: கரர் என்னும் நிச்சயமின்மை, சூதாட்டத்தின் சாயல், பொறுப்பேற்க ஆளில்லாமை. கடன் வாங்கி, பத்து மடங்கு இருபது மடங்கு பந்தயம் கட்டும் 'ஃபியூச்சர்ஸ்' வணிகத்துக்கு இந்த அனுமதிகளை யாரும் ஆதாரமாகக் காட்டிவிட முடியாது.

கூடும் என்ற கருத்தை ஏற்பவருக்கு ஜகாத்தும் வருகிறது: நிஸாபை எட்டி ஓர் ஆண்டு நிறைந்த நாளின் சந்தை மதிப்பில் 2.5 சதவீதம். முடங்கிக் கிடக்கும் கணக்குக்கு? இதற்கும் பழைய நூல்களில் இடமிருக்கிறது. சொந்தமாக இருந்தும் கைக்கு எட்டாத, திரும்பக் கிடைக்கும் நம்பிக்கை இல்லாத செல்வத்தை 'ளிமார்' என்பார்கள். ஹனஃபி கருத்தில் அதற்குக் கடந்த ஆண்டுகளின் ஜகாத் இல்லை. மாலிக்கி கருத்தில் கிடைத்தபின் ஓர் ஆண்டுக்கு மட்டும். ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்தில் கிடைத்தபின் கடந்த ஆண்டுகளுக்கும் சேர்த்து. தன் நிலை எதில் அடங்கும் என்பதை அவரவர் ஊர் ஆலிமிடம் கணக்கோடு போய்க் கேட்பது நல்லது. "கிரிப்டோ ஹலாலா ஹராமா" என்று ஒரு வரியில் கேட்டால் ஒரு வரியில்தான் பதில் வரும்.

சாவி யாரிடம்?

சொத்து என்றால் வாரிசுரிமையும் உண்டு. இந்தியாவில் முஸ்லிம்களின் வாரிசுரிமை 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின்படி ஷரீஅத்தையே பின்பற்றுகிறது. ஆகவே மையித்தின் கிரிப்டோவும் கடன், வஸிய்யத் போக மனைவி, மக்கள், பெற்றோர் என்று பங்கிடப்பட வேண்டியதே. தளத்தில் நாமினி பெயர் கொடுத்திருந்தால் அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். காப்பீட்டு நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1983இலேயே சொல்லிவிட்டது. பங்குப் பத்திரங்களுக்கும் 2023 டிசம்பரில் அதையே உறுதி செய்தது.

ஆனால் சட்டம் பங்கைச் சொல்லும், சாவியைத் தராது. கனடாவில் குவாட்ரிகா என்ற பரிமாற்றத் தளத்தை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்திருந்தபோது இறந்தார். சாவிகள் அவரிடம் மட்டுமே இருந்தன என்று சொல்லப்பட்டது. பல்லாயிரம் வாடிக்கையாளர்கள் கையைப் பிசைந்தார்கள். பின்னர் ஒன்டாரியோ மாநில ஆணையம் விசாரித்தபோது, பெரும்பகுதியை அவர் உயிரோடு இருக்கும்போதே மோசடியாகக் காலி செய்திருந்தது தெரிந்தது. எந்த வகையில் பார்த்தாலும், ஒரே ஆள் ஒரே சாவி என்ற ஏற்பாடு ஆபத்தானது. 12 அல்லது 24 சொற்களைக் காகிதத்தில் எழுதி, நகைப் பெட்டியில் வைப்பது போல இரண்டு இடங்களில் வைக்கலாம். கைப்பேசியில் படம் எடுத்து வைக்கக் கூடாது. எந்தத் தளம், எந்தச் செயலி, எவ்வளவு என்ற குறிப்பு குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொற்களை மட்டும் அதனுடன் சேர்த்து வைக்க வேண்டாம்.

கடைசியாக, கிரிப்டோ என்ற பெயரில் கிரிப்டோவே இல்லாதவை. அமித் பரத்வாஜ் நடத்திய கெயின்பிட்காயின் திட்டம் மாதம் 10 சதவீதம், 18 மாதம் தருவதாகச் சொல்லி நாடெங்கும் பிட்காயினை வசூலித்தது. பின்னர் அமலாக்கத் துறையும் மத்தியப் புலனாய்வுத் துறையும் விசாரிக்கும் வழக்காக முடிந்தது. நம் ஊர்களுக்கு வருபவர்கள் இன்னும் எளிய முறையை வைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் கூட்டம், பிரியாணி, "எங்கள் சொந்தக் காயின்", தினமும் ஏறும் எண்ணைக் காட்டும் ஒரு செயலி, ஆள் சேர்த்தால் கமிஷன். மேலே படித்த தொழில்நுட்பம் இங்கேதான் உதவும். அந்தக் காயின் எந்தப் பொதுப் பதிவேட்டில் இருக்கிறது, அதை யாரும் திறந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். என் சாவியுள்ள என் பணப்பைக்கு இன்றே மாற்றித் தாருங்கள் என்று சொல்லுங்கள். நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை என்றால், சென்னை நீதிமன்றம் சொத்து என்று சொன்ன பொருள் அங்கே இல்லை. ஒருவர் கணினியில் தட்டி வைத்த எண் மட்டும்தான்.

அப்படிக் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு வழி வேறு. உறுதியளித்த லாபத்துக்காக வசூலித்த பணம் என்பதால் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997, மத்திய அரசின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் 2019 ஆகியவற்றின் கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம். இணையம் வழியாகப் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்; பணம் இன்னும் ஏதாவது வங்கிக் கணக்கில் நிற்கும்போது தடுத்து நிறுத்த முடிகிறது, கிரிப்டோவாக மாறி வெளியே போய்விட்டால் மீட்பது மிகக் கடினம். பணம் அனுப்பிய ரசீது, வாங்கியவரின் முகவரி எழுத்துகள், பரிமாற்ற அடையாள எண், குழுவில் வந்த செய்திகள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். பொதுப் பதிவேட்டில் அந்தப் பரிமாற்றத்தின் தடம் அழியாது. விசாரணை அதிகாரி தேடத் தொடங்குவது அந்த அடையாள எண்ணில் இருந்துதான்.